கத்தி பட்டால் பரவும் என்றார்கள்

எனக்கு வாய் நீளம் என்று கல்யாணத்துக்கு முன்பே இரண்டு வீட்டிலும் பேசிக்கொண்டார்கள். பொய்யில்லை. விழுப்புரத்திலிருந்து தினமும் காலை ரயிலில் திண்டிவனம் போய், பையன்களே நிறைந்த வகுப்பில் விலங்கியல் நடத்திவிட்டு, சாயங்காலம் அதே மீட்டர் கேஜ் பெட்டியில் முண்டியடித்து இடம் பிடித்துத் திரும்புகிறவளுக்கு வாய் நீளமாக இல்லாவிட்டால் எப்படி? ரயில் முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் ஜன்னலோர இடத்துக்காக யாரையாவது ஒரு வழி பண்ணியிருப்பேன். என் கணவர் கரண்ட் ஆபீசில் வேலை பார்த்த சாது மனிதர். என்னோடு பயணம் செய்ய நேர்ந்தால் இரண்டு பெட்டி தள்ளி ஏறிக்கொள்வார்.

அந்த நீளமான வாய் பூட்டிக் கிடந்த இடம் ஒன்று உண்டு. அது என் கணவருடைய அண்ணனின் முன்னிலை. கணவரின் அண்ணனை மூத்தார் என்போம். மூத்தாரிடம் தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசக் கூடாது என்பது எங்கள் புகுந்த வீட்டுப் பழக்கம். அவர் கூடத்துக்கு வந்தால் நான் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். ஏதாவது சொல்வதாக இருந்தால் அவர் மனைவியிடம், அதாவது என் ஓரகத்தியிடம், சொல்ல வேண்டும். அந்த அக்கா போய் அவரிடம் சொல்வார். பதிலும் அதே வழியில் திரும்பி வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் எனக்குச் சொன்னதெல்லாம் அக்காவின் வாய் வழியாக வந்ததுதான்.

எனக்கு இந்தப் பழக்கத்தின் மேல் எரிச்சல் உண்டு, அந்த மனிதர் மேல் கிடையாது. கல்லூரி வேலைக்கு எனக்கு ஆர்டர் வந்தபோது, பொம்பளை தனியாக ரயிலில் போவதா என்று வீடே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. மூத்தார் மட்டும், "படிச்சது இன்னாத்துக்கு? போவட்டும்னு சொல்லு" என்று அக்காவிடம் சொல்லி அனுப்பினார். அதோடு எல்லார் வாயும் அடங்கியது. அதற்கு நன்றி சொல்லக்கூட அக்காவைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஒரு வருடம், பாடத்திட்டத்தில் ஒரு வரிகூட இல்லாத ஒரு விஷயத்தை நான் வகுப்பில் பிடிவாதமாக நடத்திக்கொண்டிருந்தேன். மெட்ராசில் ஒரு நூலகத்தில் உட்கார்ந்து ஜெராக்ஸ் எடுத்து வந்த கட்டுரைகளைப் படித்துவிட்டுச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நம் உடம்பில் ஒரு செல் தன் இஷ்டத்துக்கு வளர்வதில்லை. வளரச் சொன்னால்தான் வளரும். சொல்ல வருவது ஒரு சின்னப் புரதம். அது செல்லுக்குள் நுழைவதே இல்லை. செல்லின் மேல்தோலில் பாதி வெளியேயும் பாதி உள்ளேயுமாக நிற்கிற வேறொரு புரதம் இருக்கிறது. அதற்கு ஏற்பி என்று பெயர். வந்த புரதம் ஏற்பியின் வெளிப்பாதியைத் தொடுகிறது. தொட்டதும் உள்பாதி முடுக்கிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் புரதத்தைத் தட்டுகிறது, அது அடுத்ததைத் தட்டுகிறது, இப்படியே கைமாறி நடுவில் இருக்கும் உட்கருவுக்குச் செய்தி போய்ச் சேர்கிறது. செல் இரண்டாகிறது. வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடுகிறது.

நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றில் இந்த வரிசையில் ஏதோ ஒரு புரதம் கெட்டுப்போகிறது. வெளியிலிருந்து யாரும் வந்து தொடாமலே, வளர் வளர் என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கிறது. இதை அப்போதுதான் ஆராய்ச்சிக்காரர்கள் துருவிக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் கரும்பலகையில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு, தமிழிலேயே விளக்கினேன். மரக்காணம் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவன் எழுந்து, "அப்போ அந்த ஏற்பி பொய் சொல்லுதுங்களா மேடம்?" என்று கேட்டான். எனக்கு அந்தக் கேள்வி ரொம்பப் பிடித்துவிட்டது. "ஆமாம்டா, யாரும் சொல்லாததைச் சொன்னதா உள்ள போய்ச் சொல்லுது" என்றேன். ரயிலில் வரும்போதும் அதையே நினைத்துச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

மூத்தார் இரும ஆரம்பித்தது அந்த மழைக்காலத்தில். ஆள் மெலிந்தார். ஒரு நாள் சளியில் ரத்தம் வந்தது. விழுப்புரத்தில் காட்டிய டாக்டர் டிபி என்று ஊசியும் மாத்திரையும் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கம் இருமி ரத்தம் துப்பினால் யாருக்கும் முதலில் டிபிதான் ஞாபகம் வரும். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை தின்றும் எக்ஸ்ரேயில் இருந்த நிழல் அசையவில்லை. அந்த டாக்டரே சந்தேகப்பட்டு மெட்ராசுக்கு எழுதிக் கொடுத்தார். அங்கே மூச்சுக்குழாய்க்குள் டியூபை விட்டு ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்துப் புற்றுநோய் என்றார்கள்.

கூடப் போன என் கணவர் திரும்பி வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னார். வலது நுரையீரலின் மேல் பாகத்தில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. வேறெங்கும் போனதாக அடையாளம் இல்லை. இப்போதே வந்தால் மேல் பாகத்தை அப்படியே எடுத்துவிடலாம். தள்ளிப் போட்டால் நடு மூச்சுக்குழாய்க்குப் போய்விடும், அதற்கப்புறம் தானே கை வைக்க மாட்டேன் என்று அந்த சர்ஜன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். வருகிற திங்கட்கிழமை பெட் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

"அண்ணன் இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"டாக்டர் எதிர்ல நல்லா தலையாட்டினாரு. பஸ்ல ஏறினதும், போவ மாட்டேன்னுட்டாரு."

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை மாதம் தவறான வைத்தியத்தில் போன பிறகும் நல்ல காலம் இன்னும் மிச்சம் இருக்கிறது. கட்டி ஒரே இடத்தில் இருக்கிறது. எடுக்கிறேன் என்று ஒரு மனிதர் கத்தியைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார். இவர் போக மாட்டாராம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் கணவரும் மூத்தார் இருக்கும் ஊருக்குப் புறப்பட்டோம்.

ஊர் மண்டகப்பட்டுக்குப் பக்கம். பாறைக்கோயிலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் எங்கள் நிலம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் பெரிய களம், களத்துக்கு அந்தப் பக்கம் கிணறும் மோட்டார் கொட்டகையும். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குகிற சமயம். களம் முழுக்கச் செடியைக் குவித்து வைத்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காயை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். மூத்தார் மோட்டார் கொட்டகை நிழலில் கயிற்றுக் கட்டிலில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தார். அவருக்குப் போய்க் காபி கொடுப்பதும், வந்தவர்கள் சொல்வதைக் கொண்டுபோய்ச் சொல்வதும் அக்காதான்.

நான் அடுப்படியில் நின்றுகொண்டு என் வேலையை ஆரம்பித்தேன். "அக்கா, நான் சொல்றத அப்படியே மாமாகிட்ட சொல்லுங்க. கட்டி ஒரே எடத்துல தான் இருக்குது. இப்போ எடுத்தா முழுசா எடுத்துடலாம். தள்ளிப்போட்டாதான் ஆபத்து. நான் படிச்சிக்கினு இருக்கறதே இதைத்தான், எனக்குத் தெரியும்னு சொல்லுங்க."

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு களத்தைத் தாண்டிப் போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் கட்டிலருகே குனிந்து ஏதோ சொன்னார். மூத்தார் திரும்பாமலே கையை அசைத்தார். அக்கா திரும்பி வந்து, "வாணாம்ங்கறாரு" என்றார்.

இன்னும் எளிமையாகச் சொல்லிப் பார்த்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்கிற மாதிரி, செல்லுக்கு வளரச் சொல்லி வருகிற புரதம், பொய் சொல்கிற ஏற்பி, எல்லாவற்றையும் பிட்டுப் பிட்டு வைத்தேன். அக்கா கண் இமைக்காமல் கேட்டுக்கொண்டார். மறுபடி களத்தைத் தாண்டினார். மறுபடி, "வாணாம்ங்கறாரு". வெயில் ஏறியது. நான் சொல்லி அனுப்ப அனுப்ப அந்தக் கட்டிலில் இருந்த முதுகு இன்னும் கொஞ்சம் விறைத்துக்கொண்டதே தவிர அசையவில்லை. என் பேச்சு எடுபடாமல் போனது எனக்குப் புதிது. எனக்கே என் மேல் கோபம் வந்துவிட்டது.

அப்போது, அண்ணனிடம் பேசிப் பார்க்கப் போயிருந்த கணவர் கொட்டகையிலிருந்து விடுவிடுவென்று வந்தார். அவர் வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

"நீ ஏன் அண்ணிகிட்ட அப்படிச் சொல்லி அனுப்பின?" என்றார்.

"எப்படி?"

"கத்தி பட்டா பரவிடும், வாணாம்னு. நான் ஆபரேஷனுக்கு வான்னு கெஞ்சிக்கினு இருக்கறேன். அவரு சொல்றாரு, 'காலேஜில பாடம் நடத்தற பொண்ணே வாணாம்னு சொல்லி அனுப்புது, நீ இன்னாடா கரண்ட் ஆபீஸ்காரன் துள்ளிக்கினு வர்ற'ன்றாரு. நீ இன்னா சொல்றன்னு பார்த்து முடிவு பண்ணலாம்னுதான் பஸ்ல அப்படிச் சொன்னாராம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்தார். வருடம் முழுக்க இதையே கரும்பலகையில் வட்டம் போட்டு வரைந்தவளுக்கு, சொந்த வீட்டு அடுப்படியில் அது நடப்பதைக் கண்டுபிடிக்க ஒரு முழுக் காலை ஆகியிருந்தது. அந்த மனிதர் மெட்ராஸ் சர்ஜனை நம்பவில்லை, தம்பியை நம்பவில்லை, என் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்திருக்கிறார். அந்த வார்த்தை தலைகீழாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"ஏங்க்கா?" என்று கத்திவிட்டேன். களத்தில் இருந்த பெண்கள் கை வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவும் பதிலுக்குக் கத்தினார். அவர் கத்தியும் நான் அதுவரை கேட்டதில்லை. "எங்கம்மாவுக்கு மார்ல கட்டி வந்து ஆஸ்பத்திரில வெட்டினாங்க. வெட்டாத வரைக்கும் நடந்துகினு களையெடுத்துக்கினு இருந்தா. கத்தி பட்டது, ஒடம்பெல்லாம் பரவி நெல்லறுப்பு வர்றதுக்குள்ள போய்ட்டா. நீ படிச்சவ, உனக்கு பேப்பர்ல இருக்கறது தெரியும். மல்லாட்டக் கொல்லையில கோரைய வெட்டினா இன்னா ஆவும்னு உனக்குத் தெரியுமா? ஒண்ணு வெட்டினா ஒம்போது கெளம்பும். நான் சின்ன வயசுலேர்ந்து கோரையோட மாரடிக்கறேன். எம் புருசன் நெஞ்சுல கத்தி வெக்க நான் வுட மாட்டேன்டி. இருக்கற வரைக்கும் முழுசா இருந்துட்டுப் போவட்டும்."

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். என் கோபம் பாதி இறங்கிவிட்டது. கோரையைப் பற்றி அவர் சொன்னது உண்மை. மல்லாட்டைக் கொல்லையில் அதைவிடப் பேஜாரான களை கிடையாது. மண்ணுக்குள் இருக்கும் அதன் கிழங்கில் மண்வெட்டி பட்டால் பெருகும். எங்கள் ஊரில் எல்லாருடைய கண்ணும் அதைப் பார்த்துப் பழகியது. கட்டி என்றதும் ஊர் முழுக்க அந்தக் கிழங்கைத்தான் நினைத்துக்கொண்டது. அவர்களுடைய கணக்கு கொல்லையில் தப்பில்லை, நுரையீரலில்தான் தப்பு. ஏன் தப்பு என்பது எனக்கு, அந்தக் களத்தில் எனக்கு மட்டும், தெரியும்.

அக்காவை இழுத்து உட்கார வைத்து விளக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவர் மறுபடியும் ஒருமுறை களத்தைத் தாண்டிப் போய் என் வார்த்தையைச் சொல்லும் நிலையில் இல்லை. மறுநாள் திங்கட்கிழமை. நான் புடவையைச் செருகிக்கொண்டு பின்வாசலைத் தாண்டினேன். செருப்பு போடவில்லை. களத்து மண் சுட்டது. மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் நடுவில் புகுந்து, அவர்கள் வாயைப் பிளந்து பார்க்கப் பார்க்க, மோட்டார் கொட்டகைக்கு நேரே போய் நின்றேன்.

மூத்தார் காலடிச் சத்தம் கேட்டு அக்கா என்று நினைத்துத் திரும்பினார். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்து நின்றுவிட்டார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். என்ன செய்வது என்று புரியாமல், பின்னாலேயே ஓடி வந்த அக்காவைப் பார்த்து, "இன்னா சொல்லுதுன்னு கேளு" என்றார்.

"கேக்க வாணாம் மாமா. நானே சொல்றேன்" என்றேன்.

என் குரல் நடுங்கும் என்று பயந்திருந்தேன். நடுங்கவில்லை. திண்டிவனத்தில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற அதே குரல் வந்தது.

"நான் வாணாம்னு சொல்லவே இல்ல மாமா. போங்கன்னுதான் காலையிலேர்ந்து சொல்லி அனுப்பிக்கினு இருக்கறேன். அக்கா பயத்துல மாத்திச் சொல்லிட்டாங்க. கோரைய வெட்டினா ஏன் பெருகுது தெரியுங்களா? மண்ணுக்குள்ள ஒரு கொடியில வரிசையா கெழங்கு இருக்கும். முன்னால இருக்கற குருத்து, பின்னால இருக்கற கெழங்குக்கெல்லாம், நீங்க முளைக்காதீங்க, தூங்குங்கன்னு சேதி அனுப்பிக்கினே இருக்கும். மண்வெட்டியால அத வெட்டினா சேதி அறுந்து போவுது. தூங்கினதெல்லாம் முழிச்சிக்குது. அதான் பெருகுது. உங்க நெஞ்சுல இருக்கறது அந்த மாதிரி இல்ல. அதுல தூங்கற கெழங்கே கெடையாது. எல்லாம் ஏற்கெனவே முழிச்சிக்கினுதான் இருக்குது. யாரும் வளரச் சொல்லாமலே, யாரோ சொன்ன மாதிரி உள்ளுக்குள்ள ஒரு சாமான் கெட்டுப்போயி, வளரு வளருன்னு சொல்லிக்கினே இருக்குது. கத்தி பட்டு முழிக்கறதுக்கு அதுல இன்னா பாக்கி இருக்குது?"

மூத்தார் என்னைப் பார்க்காமல் கிணற்றுக் கட்டையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "அப்போ இவங்கம்மாவுக்கு?"

"அந்தம்மாவுக்குக் கட்டி எத்தினி நாளா இருந்துச்சு? வெட்டறதுக்கு முன்னாலயே வெளிய போயிருக்கும் மாமா. வெட்டினதால பரவல. லேட்டா வெட்டினாங்க. உங்களுக்கு இன்னும் போவல. அதுக்குத்தான் நாளைக்கே வரச் சொல்றாங்க."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மூத்தார் யோசித்தார். கை தன்னையறியாமல் காது மேல் போனது. அங்கே ஒரு பீடி செருகியிருந்தது. அதை எடுத்து உருட்டிக்கொண்டே, இப்போது கிணற்றிடம் கேட்காமல், தம்பியிடம் கேட்காமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். "உள்ள அந்த சாமான் எப்படிம்மா கெட்டுப்போச்சு?"

முதல் தடவையாக அவர் என்னிடம் பேசியது அதுதான். பூசி மெழுகலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் எனக்கு அது வராது. "உங்க கையில இருக்கறதாலதான் மாமா. வருசக்கணக்கா அந்தப் புகை உள்ள போயி, அந்தச் சாமான எப்படிச் செய்யணும்னு இருக்கற சேதியவே கெடுத்துடுச்சு. அதுவா ஒரு நாள் ராத்திரில கெட்டுப் போவல."

மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தவர்களில் ஒரு கிழவி மட்டும், "அப்படிக் கேளு தாயி" என்று சத்தமாகச் சொன்னாள். மூத்தார் அந்தப் பீடியை மடக்கென்று ஒடித்துக் கிணற்றில் போட்டார். பிறகு விவசாயிக்கு வருகிற சந்தேகங்களை ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். கட்டியை மட்டும் கிள்ளுவார்களா, சுற்றி இருப்பதையும் சேர்த்து எடுப்பார்களா? சுற்றி இருப்பதையும் சேர்த்துத்தான், மேல் பாகம் முழுக்க எடுத்துவிடுவார்கள் என்றேன். மீதியை வைத்துக்கொண்டு மூச்சு விட முடியுமா? முடியும், ஆனால் மூட்டை தூக்க மாதக்கணக்கில் ஆகும் என்றேன். பிழைப்பது நிச்சயமா? நிச்சயம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் போகாவிட்டால் நடக்கப் போவது நிச்சயம் என்றேன். கேட்டதற்கெல்லாம் நேரே பதில் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவருக்கு அதுதான் பிடித்தது என்று நினைக்கிறேன். விதை வியாபாரியிடம் கேட்கிற மாதிரி கேட்டுவிட்டு, கடைசியில் அக்காவைப் பார்த்து, "வேட்டி சட்டை எடுத்து வையி. காலைல ஜல்தியா கெளம்பணும்" என்றார்.

அக்கா என் பக்கம் வந்து, எல்லார் எதிரிலும் என் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "உன் வாயி இருக்குதே" என்றார். வேறு ஒன்றும் சொல்லாமல் பெட்டியை எடுக்க உள்ளே போனார். ஊரில் அன்று சாயங்காலத்துக்குள் தம்பி பெண்டாட்டி மூத்தாரைக் களத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டாள் என்று பேச்சுக் கிளம்பி, நான் அடித்துவிட்டேன் என்கிற வரைக்கும் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். மறுக்கவில்லை.

மெட்ராசில் ஆபரேஷன் நடந்த அன்று நான் கல்லூரிக்கு லீவு போட்டுவிட்டு அக்காவின் பக்கத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அவர் என் கையை விடவே இல்லை. களத்தில் வெளுத்து வாங்கியதெல்லாம் சரி, உள்ளே திறந்து பார்த்து, வேறு எங்கோ போய்விட்டது, மூடிவிட்டோம் என்று சொன்னால் இந்த முகத்தை அக்காவிடம் எப்படிக் காட்டுவது? சர்ஜன் வெளியே வந்து மேல் பாகம் முழுசாக வந்துவிட்டது என்றார். ஆனால் எடுத்ததன் விளிம்பிலும், பக்கத்து நிணநீர்க் கணுக்களிலும் கெட்ட செல் இருக்கிறதா என்று பரிசோதித்துச் சொல்ல நாளாகும் என்றார். அந்த நாட்களில் அக்கா வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

இதற்கப்புறம் மூத்தார் எத்தனையோ மல்லாட்டை அறுவடை பார்த்தார். கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து நடப்பார், ஏற்றத்தில் ஏறும்போது நின்று மூச்சு வாங்குவார், பீடி பிடிக்கிறவனைக் கண்டால் என் பெயரைச் சொல்லி மிரட்டுவார். என் மகளின் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர் அவர்தான். அதெல்லாம் பின்னால் நடந்தவை. எனக்கு நினைத்தபோதெல்லாம் உடம்பு சிலிர்க்கிற நாள் அந்த ரிசல்ட் வந்த நாள்.

சர்ஜன் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னார். விளிம்பு சுத்தம். கணுக்களும் சுத்தம். அக்காவுக்கு அவர் சொன்ன ஆங்கிலம் புரியவில்லை, என் முகம் புரிந்தது. வராந்தாவிலேயே குந்தி உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். நான் அவரைத் தூக்கி நிறுத்தி, "போங்கக்கா, மாமாகிட்ட போய்ச் சொல்லுங்க" என்றேன். வார்டுக்குள் ஒரு சமயத்தில் ஒருவரைத்தான் விடுவார்கள்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலையை ஆட்டினார். "நான் போவ மாட்டேன். நீ போய்ச் சொல்லு. உன் வாயால கேக்கட்டும்" என்று என் முதுகில் கை வைத்து உள்ளே தள்ளினார்.

மூத்தார் நெஞ்சில் குழாயோடு, தலையணையில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். பக்கத்துக் கட்டில்களில் எல்லாம் அதே மாதிரி ஆட்கள். நான் கட்டிலருகே போய், "மாமா, சுத்தமா எடுத்துட்டாங்க. எங்கயும் மிச்சம் இல்ல" என்றேன். அவர் கண்ணைத் திறந்தார். என்னையே பார்த்தார். உதடு கோணியது.

"இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்றார்.

நான் சொன்னேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி, கதவுக்கு வெளியே நிற்கிற அக்காவுக்கும் கேட்கும்படி, சத்தமாகச் சொன்னேன். நர்ஸ் ஓடி வந்து உதட்டில் விரலை வைத்தாள். அவர் தையல் வலிக்கப் பக்கவாட்டில் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அத வுடும்மா, நீ இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். நான் மறுபடியும் சொன்னேன்.